வேலை செய்யாத கம்பி

சுவரில் ஒரு துளையிட, உளியும் சுத்தியலும் கொண்டு கொத்தனார் நெடுநேரம் பாடுபட்ட காலம் ஒன்று இருந்தது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் என்னும் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்சாரத் துளைக்கருவியைச் செய்தது. அதன் வழித்தோன்றல்களான டிரில்லும், கிரைண்டரும், மார்பிள் கட்டரும் இன்று கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் ஒலிக்கின்றன. நம் சங்கத்தார் பொங்கல் விழா மேடை அமைக்கும்போதும் இவற்றில் ஒன்றிரண்டை இரவல் வாங்கத் தவறுவதில்லை.

இக்கருவிகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஓடுகின்ற உறுப்புகளை எவரும் மறப்பதில்லை; அவை நின்றால் வேலை நின்றுவிடும். ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் உறுப்புகளே மறக்கப்படுகின்றன. சில வேளைகளில் வீண் என்று வெட்டி எறியவும் படுகின்றன. உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பிளக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று முனைகளில் ஒன்று மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருக்கும். அதுவே எர்த். செருகும்போது அது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விலகும். கருவிக்குள் மின்சாரம் நுழையுமுன்பே அதன் உலோக உடம்பு நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. நல்ல நாளில் இந்த மூன்றாவது கம்பியில் மின்னோட்டம் ஓடுவதில்லை என்றே சொல்லலாம். அது இல்லாமலும் கருவி நன்றாகவே ஓடும். இந்த நன்மையே தீமையாகிறது.

உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து, உலோகக் கூட்டைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் செம்மையாக இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய, ஃபியூஸ் உடனே போய்விடும். எர்த் இல்லையானால் வெளியே ஒன்றும் தெரியாது. கருவி ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்திருப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றால், அவரே எர்த் கம்பி ஆகிவிடுகிறார்.

இயற்பியல் மாணவனாகிய நான் இங்கே ஒரு சிறு கணக்குப் போட அனுமதி வேண்டுகிறேன். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடம்பின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்ளலாம். ஓம் விதிப்படி 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது சிறிதா, பெரிதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். பிடித்த கம்பியைத் தாமே விட்டுவிட முடிகிற மின்னோட்டத்தின் எல்லை ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேற்பட்டால் தசைகள் இறுகிவிடுகின்றன. 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்று நம் ஊரில் சொல்கிறோம். உண்மையில் நம் தசையே நம்மை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐம்பது மில்லி ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் சில வினாடிகள் நீடித்தால் இதயத்தின் ஒழுங்கே குலைந்து போகலாம்.

இனி, 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டா? அது அசையாது. ஃபியூஸ் வயரிங்கைக் காப்பது. மனிதனைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். போகின்ற மின்னோட்டத்தையும் திரும்புகின்ற மின்னோட்டத்தையும் இது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால், ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இவ்வகைக் காப்பு ஒன்றை டால்சீலே 1961-இல் உருவாக்கினார். இதுவும் சும்மா இருக்கும் உறுப்பே ஆதலால், அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சில கருவிகளுக்கு இரண்டு முனைப் பிளக்கே இருக்கும். பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்புடைய கருவி, எர்த் தேவையில்லை. ஆனால் கூடு விரிசல் கண்டாலும், உள்ளே நீர் புகுந்தாலும் அந்த நம்பிக்கை செல்லாது.

நம் வளாகத்தில் புதுக் கட்டடம் எழும்பும் இடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிளக் இல்லாத வயரின் நுனிகளைச் சுரண்டிச் சாக்கெட்டில் நுழைத்து, தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். ஒருவர் மார்பிள் கட்டரால் கல் அறுக்க, இன்னொருவர் மக்கினால் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். நீர் வார்ப்பது அறியாமையால் அன்று. கல்லும் கான்கிரீட்டும் அறுபடும்போது எழும் சிலிக்காத் தூசி, மருந்தால் மாறாத நுரையீரல் நோயைத் தரும். நீர் அதை அடக்குகிறது. நுரையீரலைக் காக்கும் அதே நீர், எர்த் இல்லாத இடத்தில் இதயத்துக்குப் பகையாகிறது. பிரிட்டனில் வேலைத்தளக் கைக்கருவிகளை 110 வோல்ட்டில் ஓட்டுவது வழக்கம். மின்மாற்றியின் நடுமுனையை நிலத்தோடு இணைத்துவிடுவதால், ஒரு கம்பியைத் தொட்டவருக்கும் நிலத்துக்கும் இடையே 55 வோல்ட்டே நிற்கும். நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இரட்டிப்புத் தேவை.

கிரைண்டரில் சும்மா இருக்கும் உறுப்பு, தட்டை மூடிய 'கார்டு'. 5 அங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும். தட்டின் விளிம்பு வினாடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டை மாட்டுவோர் உண்டு. நடுத் துளை ஒரே அளவு ஆதலால் அது பொருந்தியும் விடும். அப்போது விளிம்பு வேகம் வினாடிக்கு 103 மீட்டர். இத்தட்டுகள் பொதுவாக 80 மீட்டருக்கே செய்யப்பட்டவை. தட்டைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அது தாங்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆகிறது. உடைந்த துண்டு எந்தத் திசையில் பாயும் என்று எவர் சொல்ல வல்லார்? தட்டின் நடு வளையத்தில் அச்சிட்ட காலாவதி நாளையும், மேலே எழுதிய உச்சச் சுழற்சியையும் பாராமல் மாட்டக் கூடாது. கண்ணாடி அணியாமல் ஓட்டவும் கூடாது.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை அன்று. எதைத் தொடுமுன்பும் பிளக்கைப் பிடுங்குக. கருவிக்குள் வயர் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் உறையை வளைத்துப் பார்க்க. வயர் முதலில் நைவது அங்கேதான். டேப் சுற்றுவது மருந்து ஆகாது. நைந்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். காற்றுத் துளைகளில் படியும் இரும்புத்தூள் மின்சாரத்துக்குப் பாலம் போடும். அதை ஊதித் தூய்மை செய்க. கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி மிகுந்தால் இரண்டையும் ஒருசேர மாற்றுக. சுருட்டிய நீட்டிப்பு வயரை முழுதும் பிரித்துவிட்டே பயன்படுத்துக; சுருளுக்குள் வெப்பம் தேங்கும்.

பொங்கல் சமயத்தில் இங்கே புல்தரை பனியில் நனைந்திருக்கும். மேடை அமைக்கும் நண்பர்கள் நீட்டிப்புப் பெட்டியைத் தரையில் போடாமல் உயரே கட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியே இணைக்கட்டும். எவருக்காவது மின்சாரம் பாய்ந்தால் அவரைத் தொடாமல் முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். 112-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லையேல் நடு மார்பை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டடத்தில் உழைப்போர் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள். ஒரு பிளக்கின் விலை சினிமா டிக்கெட்டின் விலைக்கு வராது. மூன்று முனைப் பிளக்குகள் பத்து வாங்கிக் கொண்டு, இந்தி பேசத் தெரிந்த நம்மவர் இருவர் ஒரு மாலை அங்கே சென்று வரலாம். உடன்வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.