திண்ணையில் ஒளிரும் மின்கல லாந்தர்கள்

மாலையில் வீட்டின் முகப்பில் விளக்கேற்றி வைப்பது தென்னிந்தியாவில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். கார்த்திகைத் தீபத்தன்று சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் திண்ணைகளிலும் வாயிற்படிகளிலும் அகல்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன. மற்ற நாட்களுக்கென, மண்ணெண்ணெய் லாந்தர் தொங்கிய இடத்தில் மின்கல லாந்தரை மாட்டுவோர் உண்டு. கண்ணாடிக் கூண்டும் கைப்பிடியும் பழைய உருவிலேயே உள்ளன; திரியின் இடத்தை ஒளியுமிழ் டயோடு பெற்றுள்ளது. இவ்விளக்கின் அழகு டயோடைப் பொறுத்தது. அதன் ஆயுளும் பத்திரமும் மின்கலத்தைப் பொறுத்தவை.

இதமான ஒளி

டயோடு இயல்பாக உமிழ்வது நீல ஒளியேயாகும். அதன் மேல் பூசப்படும் பாஸ்பர் என்னும் பொருள், அவ்வொளியின் பெரும்பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. நீல டயோடைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. உறையில் 2,700 கெல்வின் எனக் குறித்த விளக்கு எண்ணெய் விளக்கையொத்த மஞ்சள் ஒளியைத் தரும். நீலம் கலந்த வெள்ளொளியைக் காட்டிலும் இதனைப் பூச்சிகள் குறைவாகவே நாடுவது மற்றொரு நன்மையாகும்.

மின்கலத்தின் அளவு

அரை வாட் டயோடு தரும் வெளிச்சம் ஓர் அரிக்கன் விளக்கின் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஈடாகும். 3.7 வோல்ட், 2 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயனி மின்கலத்தில் 7.4 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், மாலை 6 மணிக்கு ஏற்றிய விளக்கு விடியும் வரை எரியும் எனலாம்.

இத்துறையில் திருப்பதிக்குத் தனி இடமுண்டு. 1985-இல் தொடங்கப்பெற்ற அமர ராஜா நிறுவனம், நகரையடுத்த கரகம்பாடியில் ஈய-அமிலச் சேமக்கலங்களை உற்பத்தி செய்து வந்துள்ளது. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி கொண்ட 20,000 லித்தியம் மின்கலங்களைச் செய்யும் திறனுடன் முனோத் நிறுவனம் திருப்பதியில் அமைத்த ஆலையின் முன்னோட்ட உற்பத்தி, 2022 செப்டம்பர் 16-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

வெப்பமும் மழையும்

திருப்பதியில் கோடை வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஈய-அமிலச் சேமக்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. லித்தியம் மின்கலமும் வெப்பத்தில் விரைவில் நலிவடையும். ஆகவே, பிற்பகல் வெயில் படும் தூணில் லாந்தரை மாட்டாமல், திண்ணையின் உட்புற நிழலில் தொங்கவிடுதல் நலம். வடகிழக்குப் பருவமழையின்போது சாரல் படாத இடமும் தேவை. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்தது போன்ற நாட்களில், அலங்காரத்துக்கென வாங்கிய இவ்விளக்கே வழிகாட்டும் விளக்காகப் பயன்படக்கூடும்.

ஈய-அமிலச் சேமக்கலத்தை உபயோகித்தவுடன் மின்னேற்றம் செய்துவிட வேண்டும். வெறுமையாக விட்டால், தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். லித்தியம் மின்கலத்தை நெடுநாள் எடுத்து வைப்பதாயின், பாதியளவு மின்னேற்றத்துடன் வைத்தலே உகந்தது. உப்பிய லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்யலாகாது, அது தீப்பற்றக்கூடும்.

பழைய மின்கலங்கள்

ஒளி குன்றிய மின்கலத்தைக் குப்பையில் எறிவது பெருங்கேடு விளைவிக்கும். ஈயத்தில் குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு என எதுவும் அறியப்படவில்லை. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. வீட்டுக் கொல்லைகளில் சேமக்கலத்தை உடைத்து ஈயத்தை உருக்கும்போது எழும் புகையும் தூசியும் அண்டை வீட்டாரையும் சென்றடைகின்றன. நசுங்கிய லித்தியம் மின்கலமோ குப்பைமேட்டிலேயே தீ மூட்டக்கூடும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. எனினும், வீட்டினர் அவற்றை விற்பனையாளரிடமோ சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைத்தாலன்றி இவ்விதிகள் பயன் தரா.

புதிய லாந்தர் வாங்குவோர், மின்கலத்தைத் தனியே கழற்றி மாற்றத்தக்க அமைப்புடையதைத் தேர்ந்தெடுத்தல் சிக்கனமாகும். டயோடு பல்லாண்டு உழைக்கும். மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்ததை மட்டும் மாற்றி, பழையதை முறைப்படி திருப்பித் தருவதால் செலவு குறைவதுடன் சுற்றுப்புறமும் காக்கப்படும்.