புலன்களின் உலகம் – 6: நாய் காணும் வர்ணங்கள்

இருளில் நாயின் கண் மின்னுவதற்குக் காரணமான பிரதிபலிப்புப் படலத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இரவின் மங்கிய ஒளியில் நம்மைவிட நன்றாகக் காணும் அந்தக் கண், பகலில் வர்ணங்களை எவ்விதம் காண்கிறது என்பது இயல்பாகவே அடுத்து எழும் கேள்வி. நாய்க்கு வர்ணமே தெரியாது, கறுப்பும் வெளுப்பும் சாம்பலுமாகவே உலகம் அதற்குத் தோன்றுகிறது என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இதற்கு ஆதாரம் அடியோடு இல்லாமலும் இல்லை. ருஷ்யாவில் பாவ்லாவின் சீடரான ஓர்பெலி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில், ஒளியின் பிரகாசத்தை வேறுபடுத்தி அறிந்த நாய்கள் அதன் வர்ணத்தை வேறுபடுத்தி அறியவில்லை என்றே முடிவு செய்தார்.

மனிதனின் விழித்திரையில் பகலொளிக்கு உரிய கூம்பு செல்கள் மூன்று வகைப்படும். ஒரு வகை சுமார் 420 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியையும், மற்றொன்று 530 அளவிலுள்ளதையும், மூன்றாவது 560 அளவிலுள்ளதையும் மிகுதியாகக் கிரகிக்கின்றன. தனியொரு செல்லுக்கு வர்ணஞானம் கிடையாது. மூன்று சாட்சிகளின் வாக்குமூலங்களையும் ஒப்புநோக்கிய பிறகே, இது சிவப்பு, இது பச்சை என்ற தீர்ப்பு பிறக்கிறது. நாயிடமோ சாட்சிகள் இருவரே.

இதை ஐயமறத் தெளிவாக்கியவர்கள், அமெரிக்காவில் சாந்தா பார்பரா நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்னும் மூவர். ஒளியூட்டப்பட்ட மூன்று பலகைகளில் இரண்டை ஒரே வர்ணமாகவும் ஒன்றை வேறாகவும் அமைத்து, வேறானதை மூக்கால் தொட்ட நாய்க்குத் தின்பண்டம் அளித்து, பிரகாசத்தைக் கொண்டு அது விடை கண்டுவிடாதபடி ஒளியின் அளவையும் அடிக்கடி மாற்றி, பொறுமையோடு அவர்கள் நடத்திய பரீட்சையின் முடிவுகள் 1989-ல் வெளியாயின. நாயின் கூம்பு செல்கள் 429, 555 நானோமீட்டர் ஆகிய இரண்டு அளவுகளில் உச்சம் கொள்கின்றன என்பதும், 480-க்கு அருகிலுள்ள நீலப்பச்சை அதற்கு வர்ணமற்ற வெளிச்சமாகவே தோன்றுகிறது என்பதும் அவற்றால் தெரியவந்தன.

ஆகவே நீலமும் மஞ்சளும் நாயின் உலகில் உண்டு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இலைப்பச்சை ஆகியவை மட்டும் தம்முள் பேதமிழந்து ஒரே இனமாகிவிடுகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத மனிதர்களின் பார்வைக்கு இது பெரிதும் நெருங்கியது.

இதை நாயின் ஊனமென்று கருதுவது நியாயமாகாது. பாலூட்டிகளின் மூதாதைகள் நெடுங்காலம் இரவில் சஞ்சரித்தமையால், முன்னோரிடமிருந்து வந்த வர்ணச் செல்களில் சிலவற்றை இழந்து இரண்டோடு நின்றன என்பது விஞ்ஞானிகளின் கருத்து. இன்றும் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அந்த இரண்டே உள்ளன. நம்முடைய குரங்கு மூதாதையருள் ஒரு கிளையில், ஒரு மரபணு இரட்டித்துப் பின் சற்றே மாறியதால் மூன்றாவது வகை வாய்த்தது. விதிவிலக்கு நாமேயன்றி நாயன்று.

கிடைத்த இரண்டையும் நாய் வீணாக்குவதில்லை என்பதற்கு, 2013-ல் மாஸ்கோ விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி நல்ல நிரூபணம். வர்ணத்திலும் பிரகாசத்திலும் ஒருங்கே வேறுபட்ட இரு காகிதங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகிய நாய்களுக்கு, பிற்பாடு அந்த இரண்டு அடையாளங்களையும் பிரித்து எதிரெதிராக வைத்தபோது, அவை பெரும்பாலும் பிரகாசத்தைப் புறக்கணித்து வர்ணத்தையே பின்பற்றின.

நாய் வளர்க்கும் வாசகர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் உண்டு. பசும்புல்லில் விழுந்த சிவப்புப் பந்து, நம் கண்ணைக் கவர்வதுபோல் வர்ணத்தால் நாயின் கண்ணைக் கவராது. அருகில் நின்றுகொண்டே அதை மோப்பத்தால் தேடும் நாயை மந்தபுத்தி என்று ஏசாமல், அடுத்த முறை நீலப் பந்தாகப் பார்த்து வாங்குங்கள்.