பிறந்த ஊர் காட்டிய தடயம்

“தங்களுக்குச் சொந்த ஊர் எது?” பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் அடிக்கடி கேட்டுப் பழகிய கேள்வி இது. பேச்சுத் தொடங்குவதற்காகக் கேட்கப்படும் இச்சிறு கேள்வி, கொடிய நோயொன்றின் மூலத்தைக் கண்டறியத் துணை செய்தது என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும். ஜப்பானில் நிகழ்ந்த அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1977-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரத்து மருத்துவர் தகாத்சுகியும் அவருடன் பணியாற்றியோரும் புதுவகை இரத்தப் புற்றுநோய் ஒன்றை விவரித்தனர். நோயுற்றோர் யாவரும் வயது வந்தவர்கள். பலருக்கு நிணநீர்க் கணுக்கள் வீங்கின. தோலில் தடிப்புகள் கண்டன. அவர்தம் வெண்ணணுக்களின் உட்கரு, பூவிதழ்களைப் போல மடல் மடலாகப் பிளந்து தோன்றியது. இவையனைத்தையும்விடச் சிந்தனையைத் தூண்டியது மற்றொன்று. ஆராயப்பெற்ற 16 பேரில் 13 பேர், நாட்டின் தென்மேற்கிலுள்ள கியூஷூ தீவில் பிறந்தவர்கள்!

ஒரே பகுதியில் பிறந்தவர்களை இந்நோய் தேடிப் பிடிப்பானேன்? இளமையிலேயே தொற்றிய கிருமி ஏதேனும் இருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோ குழுவினர் எச்.டி.எல்.வி.-1 என்னும் வைரஸைக் கண்டறிந்து வெளியிட்டனர். 1981-இல் ஜப்பானிய அறிஞர் ஹினுமா, வைரஸுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். மனிதரிடம் கண்டறியப்பெற்ற முதல் ரெட்ரோ வைரஸ் இதுவே.

இதன் செயல் விந்தையானது. பேரேட்டின் நடுவே அயலான் ஒருவன் ஒரு வரியை எழுதிச் சேர்த்துவிட்டால், அதைப் படியெடுக்கும்போதெல்லாம் அவ்வரியும் உடன் வருமன்றோ? அவ்வாறே இவ்வைரஸ், வெண்ணணுவின் மரபுச் செய்தியினுள் தன் செய்தியையும் எழுதிவிடுகின்றது. அணு பெருகுந்தோறும் அதுவும் பெருகுகின்றது. எனினும் தொற்றுடையோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே, அதுவும் பல பத்தாண்டுகள் கழிந்தபின், புற்றுநோய் தோன்றுகின்றது.

உடனிருந்து உண்பதாலோ, தொட்டுப் பழகுவதாலோ இது பரவாது. இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், முதன்மையாகத் தாய்ப்பாலின் வழியாகவும் பரவுகின்றது. ஆகவே ஜப்பானில் 1986 முதல் தான இரத்தம் சோதிக்கப்பட்டு வருகின்றது. 1987-இல் நாகசாகியில் கருவுற்ற பெண்களைச் சோதித்து, தொற்றுடைய தாய்மாருக்குப் பாலூட்டலைத் தவிர்க்குமாறு அறிவுரை கூறும் திட்டம் தொடங்கிற்று. நெடுநாள் தாய்ப்பால் பருகிய குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேர் அளவில் காணப்பட்ட தொற்று, தவிர்த்தபின் 3 பேர் அளவுக்குக் குறைந்தது.

அத்தாய்மாரின் உள்ளத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய, பெரும்பாலும் வராமலே போகக்கூடிய ஒரு நோய்க்காக, மடியில் அழும் மகவுக்குத் தம் பாலை மறுத்தனர். அதன் பயனைத் தம் கண்ணால் காணும் பேறு பலருக்கு வாய்த்திராது. இதனினும் பெரிய தாயன்பு வேறென்ன உண்டு?

இவ்வைரஸுக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை. மருந்துகளும் எலும்பு மச்சை மாற்றும் சிகிச்சையும் சிலருக்குப் பலனளிக்கின்றன. ஆயினும் விரைந்து முற்றும் வகை இன்னமும் கொடியதே. வருமுன் காத்தலே தலையாய வழி.

இதனைப் படித்துவிட்டு நம் தாய்மார் எவரும் பாலூட்டுவதை நிறுத்திவிடலாகாது. சோதனையில் தொற்று உறுதியானவர்க்கு மட்டுமே, மருத்துவர் கூறும் அறிவுரை அது. ஏனைய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே அமுதம். மருத்துவரை நாடும்போது, பிறந்த ஊரையும் முன்னர் வாழ்ந்த ஊர்களையும் இரத்தம் ஏற்றிக்கொண்ட விவரத்தையும் மறைக்காமல் கூறுவோமாக. நாம் அற்பமெனக் கருதும் செய்தி, அவருக்கு அரிய தடயமாகக்கூடும்.