பாஸ்போர்ட் பெறுவது எப்படி?

காஞ்சிபுரத்துப் பட்டு கடல் கடந்து செல்வது புதிதன்று. இன்றோ, அப்பட்டை நெய்தவரின் மக்களும், உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டங்களில் ஏர் பிடிக்கும் குடியானவரின் மக்களும் தொழில் கருதியும் கல்வி கருதியும் அயல்நாடு செல்ல விழைகின்றனர். அவர்கள் முதலில் பெற வேண்டுவது பாஸ்போர்ட். பெரிய மனிதர்களுக்கே அது கிடைக்கும், தரகர் இன்றிக் காரியம் நடவாது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. இவ்வெண்ணம் தவறானது. பல சமயங்களில் விண்ணப்பத்தைத் தடுத்து நிறுத்துவது அலுவலகமன்று. நம் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதேயாகும். அதனைக் களைவது எவ்வாறு என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

சலுகையன்று, உரிமை

1967ஆம் ஆண்டுக்கு முன்னர், பாஸ்போர்ட் வழங்குவதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே கருதப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி என்பவரின் வழக்கில், அயல்நாடு செல்லுதல் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையுள் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பயனாகவே 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. சட்டம் குறிப்பிட்டுள்ள காரணங்களுக்காக மட்டுமே பாஸ்போர்ட்டை மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. ஆகவே அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் குடிமகன் யாசகம் கேட்க வந்தவன் அல்லன் என்பதை உணர்தல் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பத்தை முதலில் இணையம் வழியாக அளித்தல் வேண்டும். இதற்கென வெளியுறவு அமைச்சகத்தின் தளம் உள்ளது. அதனைப் போலவே தோன்றும் போலித் தளங்களும் உண்டாதலால், அரசாங்கத் தளம்தானா என்று பார்த்துக்கொள்வது நலம். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தின் உதவியை நாடலாம். ஆயினும், எழுதப்பட்டதை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும்.

பெரியவர்களுக்கான 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டின் கட்டணம் 2012ஆம் ஆண்டில் 1,500 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பணம் செலுத்துமுன் தளத்தில் காட்டப்படும் தொகையைச் சரிபார்த்துக்கொள்க. அத்தொகைக்கு மேல் 'உள்ளே கொடுக்க வேண்டும்' என்று எவரேனும் கேட்டால் அதனை நம்பலாகாது.

பணம் செலுத்தியதும் நேரில் வரவேண்டிய நாளும் வேளையும் குறிக்கப்படும். காஞ்சிபுரம் மாவட்டம் சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா கேந்திரங்கள் உள்ளன. 2017ஆம் ஆண்டு முதல் அஞ்சலகங்களிலும் இத்தகைய மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. தளத்தில் காட்டப்படும் பட்டியலிலிருந்து வசதியான மையத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

விண்ணப்பதாரர் நேரில் செல்வது இன்றியமையாதது. கேந்திரத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் பத்திரங்கள் படியெடுக்கப்பட்டு, புகைப்படமும் விரல் ரேகையும் எடுக்கப்படும். பெரியவர்கள் புகைப்படம் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. இரண்டாவதில் ஓர் அதிகாரி மூலப் பத்திரங்களைச் சோதிப்பார். மூன்றாவதில் வேறோர் அதிகாரி முடிவு செய்வார். நகல்கள் மட்டும் போதா. மூலப் பத்திரங்கள் அவசியம். பத்திரம் ஏதேனும் குறைந்தால், அதனைத் தேடிக்கொண்டு மீண்டும் வரலாம். அன்றைய தினத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று மனம் தளர வேண்டாம்.

பின்னர்ப் போலீஸ் விசாரணை நடைபெறும். விண்ணப்பத்தில் கண்ட முகவரியில் அவர் வசிக்கின்றாரா, அவர் மீது குற்ற வழக்கு உண்டா என்பவை விசாரிக்கப்படும். இதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. விசாரணை முடிந்து அச்சான பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வீடு வந்து சேரும்.

பெயரும் பிறந்த தேதியும்

நம் நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயருக்கு முதலெழுத்தை மட்டும் இடுகின்றோம். 'மு. ஏகாம்பரம்' என்று தறிக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒருவரை அறிவர். பாஸ்போர்ட்டில் இந்த முதலெழுத்து செல்லாது. 'முருகேசன்' என்று விரித்து எழுதுதல் வேண்டும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென உள்ள கட்டத்தில் தந்தையின் பெயரை இடுவது நம்மிடையே வழக்கம். இதனை வெறுமையாக விடுவது பின்னால் தொல்லை தரும். 2022ஆம் ஆண்டு நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததை இங்கு நினைவுகூரலாம்.

ஆங்கில எழுத்திலும் கவனம் வேண்டும். ஏகாம்பரம் என்ற பெயரைப் பள்ளியில் ஒருவாறும், ஆதார் அட்டையில் வேறொருவாறும் எழுதியிருப்பின், அதிகாரி எதனை நம்புவார்? விண்ணப்பிக்கும் முன்னரே ஆதாரைத் திருத்திக்கொள்ளலாம். பெயரையே மாற்றுவதாயின், தமிழ்நாடு அரசிதழில் வெளியிடச் செய்தல் வேண்டும்.

மாவட்டப் பெயரும் சிலரைத் திகைக்கச் செய்கின்றது. 1997ஆம் ஆண்டில் பழைய செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் ஆயின. 2019இல் காஞ்சிபுரத்தினின்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. ஆதலின் பழைய சான்றிதழில் வேறு மாவட்டப் பெயர் காணப்படுவது குற்றமன்று. அதிகாரி வினவினால் காரணத்தை எடுத்துக்கூறலாம்.

தெரிந்தே பொய்யான விவரம் தருவது பாஸ்போர்ட் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தரகர் வயதைக் கூட்டி எழுதினாலும், கையொப்பமிட்டவரே பொறுப்பாளி.

வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அச்சான்றிதழைத் தவறாது கொண்டுசெல்லுதல் வேண்டும். அதனைக் காட்டாதவரின் பாஸ்போர்ட், குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் சேர்க்கப்படலாம். சவூதி அரேபியா, குவைத், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, அவ்வகையினர் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். இது தடையன்று; ஏமாற்றப்படாமல் இருப்பதற்கான காப்பு. வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று விசாரியாமல், நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் பணம் கொடுப்பது பெரும் பிழை. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் உடைமை. அதனைக் கடனுக்கு ஈடாக எவரிடமும் ஒப்படைத்தலாகாது.

ஊராட்சியின் கடமை

பாஸ்போர்ட்டின் முதல் படி அலுவலகத்தில் இல்லை. குழந்தை பிறந்த நாளிலேயே அது தொடங்குகின்றது. 2025ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு ஆதாரம். முன்னர்ப் பிறந்தோர் பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றைக் காட்டலாம். இனி வரும் தலைமுறைக்கு அவ்வழி இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட நடுவரையோ, உட்கோட்ட நடுவரையோ, அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரையோ அணுகி உத்தரவு பெறும் அலைச்சல் நேரிடும். பெயரின்றிப் பதிந்திருந்தால், பெயரையும் காலத்தில் சேர்த்துவிடுதல் வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபையார், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவரே குடவோலையில் இடம்பெறலாம் என்று கல்லில் பொறித்து வைத்தனர். வயதை அறிந்தாலன்றி அவ்விதியை நடத்த இயலாது. அவ்வூர் விளங்கும் மாவட்டத்தில் பிறப்புப் பதிவின்றி ஒரு குழந்தையும் இருத்தலாகாது. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ் பெறப்பட்டதா, பெயர் சரியாக எழுதப்பட்டதா என்று கேட்டறிந்தால் போதும். கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒருமுறை எடுத்துரைத்தலும் நலம். இன்று எழுதும் ஒரு சரியான பெயர், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தரகரின் கையினின்றும் காக்கும்.