மணலில் வரைந்த தீவு



கோடை விடுமுறையில் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். ஏழாம் வகுப்பு முடித்தவன். பசிபிக் தீவுகளைப் பற்றிய நூலகப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்திருந்தான். ராயபுரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து திருவொற்றியூர் தாண்டும்வரை அதிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எண்ணூரில் இறங்கி மணலில் நடக்கும்போதுதான் கேட்டான்: "மாமா, நம்ம ஊருல இந்த மாதிரி தீவு ஒண்ணுகூட இல்லையா?"

நான் கையை நீட்டி எதிர்க்கரையைக் காட்டினேன்.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தெரிவது காட்டுப்பள்ளித் தீவு. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. அலையும் நீரோட்டமும் சுமந்து வந்த மணல், கரையை ஒட்டி நீளவாக்கில் குவிந்து உண்டான தீவு இது. இந்த வகையைத் தடுப்புத் தீவு என்பார்கள். ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டாவும் இதே குடும்பம்தான். அது இன்னும் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் படுத்திருக்கிறது.

அவன் என் செல்போனை வாங்கி வரைபடத்தைத் திறந்தான். துறைமுகத்தின் பெயர் வந்தது. சாலை வந்தது. நாங்கள் நிற்கிற இடம் நீலப் புள்ளியாக மினுங்கியது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் படகு நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன்ல இன்னா நைனா தேடுற? தீவையா? இப்பிடி வந்து குந்து, நான் காட்டுறேன்."

ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "இந்தாண்ட கடலு." அதற்குக் கீழே வளைந்து நெளிந்து இன்னொரு கோடு. "அந்தாண்ட ஆறு." இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு வாய். பிறகு மடியில் சேர்த்து வைத்திருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாக வைத்தார். இது நெட்டுக்குப்பம், இது தாழங்குப்பம், இது முகத்துவாரக்குப்பம், உள்ளே தள்ளி காட்டுக்குப்பம்.

பையன் போனையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தான். "தாத்தா, நீங்க திருப்பி வரைஞ்சிட்டீங்க. வடக்குதானே மேலே வரணும்?"

"கடலைப் பாத்து நிக்கிறவனுக்குக் கடல்தானடா முன்னாடி?"

பெரியவர் சொன்னதில் ஒரு பெரிய அறிவியல் இருக்கிறது. வரைபடத்தில் வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. அது மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கிழக்கு' என்ற சொல்லுக்குள் 'கீழ்' இருக்கிறது. 'மேற்கு' என்ற சொல்லுக்குள் 'மேல்' இருக்கிறது. தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. கொசஸ்தலை உட்பட நம் ஆறுகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. நாம் மேலத்தெரு, கீழத்தெரு என்று சொல்லும்போதெல்லாம் இந்த நிலத்தின் சரிவைத்தான் சொல்கிறோம். ஹவாய்த் தீவில் வழி கேட்டால் மௌகா, மகாய் என்று இரண்டு சொற்கள் காதில் விழும். மௌகா என்றால் மலைப் பக்கம், மகாய் என்றால் கடல் பக்கம். நடுவில் எரிமலையும் சுற்றிலும் கடலும் இருக்கிற ஊரில் அதைவிட வசதியான திசை வேறென்ன வேண்டும்?

இதற்குள் பையன் புத்தகத்தைப் பிரித்து ஒரு படத்தைப் பெரியவரிடம் காட்டினான். தென்னை ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டி, அங்கங்கே சிப்பிகளைக் கோத்த ஒரு சட்டம். மார்ஷல் தீவுக்காரர்கள் செய்த கடல் வரைபடம். சிப்பி ஒவ்வொன்றும் ஒரு தீவு. பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வளைந்த குச்சிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இது நீரோட்டமா, அலையா?"

அலைதான். மார்ஷல் தீவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளின் கூட்டம். பெரும்பாலானவை கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம்தான். படகில் நிற்கும் ஒருவரின் கண், நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். அவருக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தீவில் 16 மீட்டர் உயரத் தென்னை இருந்தால் அதன் உச்சி சுமார் 19 கிலோமீட்டரிலிருந்து தெரியும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தீவை எப்படிக் கண்டுபிடிப்பது?

அலையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆழ்கடலில் வேகமாக வரும் அலை, ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாகிறது. தீவை நெருங்கும் அலையில் ஒரு பகுதி முதலில் மெதுவாக, மற்றப் பகுதி வேகமாகவே வர, அலை தீவைச் சுற்றி வளைகிறது. தீவின் பின்பக்கத்தில், இடதுபுறமாக வளைந்து வந்த அலையும் வலதுபுறமாக வளைந்து வந்த அலையும் குறுக்கே மோதும். படகு ஆடுகிற ஆட்டத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும். மார்ஷல் தீவு மாலுமிகள் படகில் மல்லாந்து படுத்து உடம்பால் அதை உணர்ந்தார்கள். ஈர்க்குச் சட்டத்தைக் கடலுக்கு எடுத்துப் போனதில்லை. கரையில் வைத்துப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அகலமான தட்டில் விரல்கடை உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு வட்டக் கல்லை வையுங்கள், அதன் பக்கங்கள் சரிவாக இருக்கட்டும். ஒரு ஓரத்தில் அளவுகோலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். கல்லுக்குப் பின்னால் சிற்றலைகள் ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தைத் தேடுங்கள்.

பசிபிக் வரைபடங்களில் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராயத்தீயா தீவைச் சேர்ந்த துப்பாயியா என்ற மாலுமி 1769-ல் கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பலில் ஏறினார். தன் நினைவில் இருந்த தீவுகளைக் கப்பல்காரர்களுக்கு வரைபடமாக ஆக்கிக் கொடுத்தார். நமக்குக் கிடைத்திருக்கிற பிரதியில் 74 தீவுகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் முறைப்படி வடக்கை மேலே வைத்துப் படித்தவர்களுக்குப் பல தீவுகள் தப்பான இடத்தில் இருப்பதாகத் தோன்றியது. அண்மைக் காலத்தில் சில ஆய்வாளர்கள் அதை வேறு விதமாகப் படிக்கிறார்கள். படத்தின் நடுவே நண்பகலைக் குறிக்கும் ஒரு தஹித்திச் சொல் எழுதியிருக்கிறது. நீங்கள் எந்தத் தீவிலிருந்து கிளம்புகிறீர்களோ அங்கிருந்து அந்த நடுவைப் பார்த்தால், அதுதான் நண்பகல் சூரியனின் திசை என்கிறார்கள் அவர்கள். அப்படிப் படித்தால் தீவுகள் தம் இடத்தில் வந்து உட்காருகின்றன. துப்பாயியா 1770-ல் பத்தாவியா என்ற துறைமுக நகரத்தில் நோயில் இறந்துபோனார். அவர் வரைந்ததைப் புரிந்துகொள்ள நமக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, நம் தீவுக்கு வருவோம். பெரியவர் மணல் படத்தின் வாயில் குச்சியைக் குத்தினார். "தெண்டி ஓடுச்சுன்னா மண்ணு வடக்கால போவும். வன்னி ஓடுச்சுன்னா தெக்கால வரும். ரெண்டுத்துக்கும் நடுவுல மாட்டிக்கினு இந்த வாய் அடைச்சுக்கும்."

தெண்டி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம், வன்னி அதற்கு எதிர். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கரையோரம் மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். பெரியவர் எந்தக் கருவியும் இல்லாமல் சொன்ன இதே விஷயம் சென்னையின் பழைய வரைபடங்களிலும் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தால். சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்சுவர் கட்டும் வேலை 1876-ல் தொடங்கியது. வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இன்று அந்தக் கரை நெடுக நீங்கள் பார்க்கும் கற்குவியல்களும் தூண்டில் வளைவுகளும் அதனால்தான் வந்தவை. துறைமுகத்துக்கு முந்தைய படம் ஒன்றையும் இன்றைய படம் ஒன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மெல்லிய டிரேசிங் தாளில் கரைக்கோட்டை மட்டும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு கோடுகளும் எங்கெங்கே பிரிகின்றனவோ அங்கெல்லாம் ஒரு கதை இருக்கிறது.

ஒரு தீவை அறிய ஒரு வரைபடம் போதாது என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான். காட்டுப்பள்ளிக்கே எத்தனை படங்கள் தேவை, பாருங்கள். அதன் வடக்கு முனைக்கு அப்பால் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்திரியா கோட்டை கட்டிக் குடியிருந்தார்கள். சோழமண்டலக் கரை வணிகத்துக்கு அதுவே அவர்களுக்குத் தலைமை இடம். அவர்கள் காலத்துப் படத்தில் பக்கிங்காம் கால்வாயைத் தேடினால் கிடைக்காது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை அந்தக் கால்வாயை வெட்டத் தொடங்கியதே 1806-ல்தான். ஒரு படத்தில் கால்வாய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். அளந்து வரைந்த படங்கள் இன்னொரு வகை. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. இன்று இந்திய நில அளவைத் துறை வெளியிடும் தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர்.

புத்தகங்களும் உண்டு. சி. எஸ். குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு 1879-ல் வந்தது. எச். டி. லவ் தொகுத்த பழைய மதராஸ் வரலாறு 1913-ல் வந்தது. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஒரு நாள் போய் வாருங்கள். ஆனால் ஆங்கில அதிகாரிகள் எழுதிய அந்தப் பக்கங்களில் உப்புக்கும் வரிக்கும் கிடைக்கிற இடம் தெண்டிக்கும் வன்னிக்கும் கிடைப்பதில்லை. அதற்கு நெட்டுக்குப்பத்துக்குத்தான் வர வேண்டும்.

படத்தில் எழுதும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து நில அளவைப் படங்களில் கழிமுகம், ஏரிக்கரை, மேய்ச்சல் வெளி இவற்றின் மேல் 'புறம்போக்கு' என்று இருக்கும். தனி ஆளுக்குச் சொந்தமில்லாத, வரிக்கணக்குக்குப் புறத்தே போன நிலம் என்று பொருள். எல்லாருக்கும் பொதுவான இடம். நாளடைவில் அதை யாருக்கும் வேண்டாத இடம் என்று புரிந்துகொண்டார்கள். திட்டுகிற சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். இறாலும் நண்டும் மடவையும் வளர்கிற, வெள்ள நீரை வாங்கிக் கடலில் விடுகிற எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தது இந்தப் பார்வையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீனவர்கள் தங்கள் நீரைக் காக்கப் போராடியபோது கையில் ஏந்தியது ஒரு வரைபடம். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைப் படம் அது. கழிமுகம் முழுவதும் தண்ணீராகவே அதில் இருக்கிறது.

வெயில் இறங்கிவிட்டது. பையன் நோட்டைத் திருப்பி வைத்து, கடல் மேலே வருகிற மாதிரி பெரியவரின் படத்தைப் பென்சிலால் பார்த்து வரைந்தான். குப்பங்களின் பெயரை அவர் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதி முடித்து, தீவின் கரையில் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டுக் கேட்டான்.

"இங்க யாரும் இல்லையா தாத்தா?"

"இருந்தாங்க. காட்டுப்பள்ளிக் குப்பம். துறைமுகம் கட்டசொல்ல வேற இடத்துக்குப் போய்ட்டாங்க."

மீதி இருந்த ஒரு சிப்பியை அவர் அந்த இடத்தில் வைத்தார். பையன் தன் நோட்டில் அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே நிறம் தீட்டாமல் விட்டு, பக்கத்தில் பெயரை எழுதினான்.