நீலகிரியின் சரிவு நிலமும் அதன் பாதுகாப்பும்

மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் சமையலுக்கு வரும் காரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் முதலியவற்றில் ஒரு பகுதி நீலகிரி ஜில்லாவில் விளைந்து, மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவதாகும். கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகள் கூடுமிடமாகிய இந்நாட்டில் தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி உயரமுள்ளது. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்திலும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் மிகுதியாகப் பெய்கின்றது. தேயிலையே பிரதான சாகுபடி. 1848-ல் தொடங்கிய உதகைத் தாவரத் தோட்டத்தையும், 1908-ல் உதகை வரை நீண்ட மலை ரயிலையும் காண வரும் யாத்திரிகர்களாலும் குடிகளுக்கு வருமானம் உண்டு.

இவ்வளவிற்கும் ஆதாரம் சரிவின் மேல்மண்ணேயாம். மேலிருந்து கீழாகப் பார் பிடித்த பூமியில், பெருமழை அம்மண்ணை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே பாரும் வரப்பும் சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக அமைதல் வேண்டும். செங்குத்தான இடங்களில் படிவரப்பு கட்டுதல் அவசியம்.

மண்ணோடு நோயும் பரவுவதுண்டு. 1961-ல் இங்குக் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழுவின் முட்டைகள், கிழங்கு பயிரிடாத காலத்திலும் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். ஒரே பூமியில் ஆண்டுதோறும் கிழங்கே இட்டால் புழு பெருகும். முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் ஆகியவற்றை மாற்றிப் பயிரிட்டால் அது குறையும். இப்பகுதி விதைக்கிழங்கை வெளியிடங்களுக்குக் கொண்டுசெல்லலாகாது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் குடிகளுக்கு விளங்கச் சொல்லுதல் நலம்.