வருஷச் சந்தா கட்டுமுன்

ஏடிஹெச்டி என்னும் கவனக் குறைபாடு உள்ள இளைஞர்கள், ஜனவரி மாதத்து உற்சாகத்தில் உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போய், "வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலைதான் சார்" என்ற வார்த்தையை நம்பி முழுத் தொகையையும் செலுத்திவிட்டு, மாதம் திரும்புமுன் அந்தத் தெருப் பக்கமே போகாமல், தம்மைத் தாமே சோம்பேறிகள் என்று நிந்தித்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். வீட்டாரும் அந்த நிந்தனையில் சேர்ந்துகொள்வது பெரிய அநியாயம்.

இக்குறைபாடு உள்ளவர் மனத்தை ஆறு மாதம் கழித்து வரும் ஆரோக்கியம் இழுப்பதில்லை. இந்தக் கணத்துச் சுவாரஸ்யமே இழுக்கிறது. ஆகையால் சங்கற்பத்தை நம்பாமல் ஏற்பாட்டை நம்ப வேண்டும். ஷூவையும் உடையையும் இரவே கட்டிலருகில் வைப்பதும், சொன்ன நேரத்தில் வாசலில் நின்று கூப்பிட ஒரு நண்பரை அமர்த்திக்கொள்வதும், நடை சலித்தால் இறகுப்பந்து, அது சலித்தால் நீச்சல் என்று மாற்றிக்கொள்வதும் பலன் தரும். மாற்றுவது தோல்வியன்று. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான தேகப் பயிற்சியைச் சொல்கிறது. பத்துப் பத்து நிமிஷமாகச் செய்தாலும் அது கணக்கில் சேரும். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட ஒரே நாளில் உடம்பை வதைக்க வேண்டாம்.

இக்குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் மருந்தை உட்கொள்வோருக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறக்கூடுமாதலால், கடும் பயிற்சியில் இறங்குமுன் வைத்தியரிடம் சொல்லி இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். பயிற்சி நடக்கிறதே என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்; நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடவே போடாதீர்கள்.

கைப்பேசிக் கேள்வித்தாளை நிரப்பி நோயை நிச்சயித்துக்கொள்வதும் தவறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிப் பிரிவுக்குச் செல்லுங்கள். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மருத்துவர் கேட்பாராதலால், ஆசிரியரின் குறிப்புகள் உள்ள பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்துக்கொண்டு, பால்ய காலத்தை அறிந்த தாயாரையோ அண்ணனையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். "பெரியவர்களுக்கு இதெல்லாம் வராது" என்று முகம் பாராமலே அனுப்பிவிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். அது பொறுக்கத் தக்கதன்று. அரசின் மனநல சேவையைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் அளித்திருக்கிறது. வழி தெரியாவிட்டால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

இனிப் பணம். மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி எத்தனை பெரிதாயினும் மாதச் சந்தா மட்டுமே. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் கோட்டுக்குக் கீழே, "கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே பேனாவை எடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நீங்களாகப் போகாமல் நின்றால் பணம் திரும்புவது அரிது. ஆனால் கூடத்தையே மூடிவிட்டாலோ, வாக்களித்த பயிற்சியாளரைத் தராவிட்டாலோ, அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், ரசீது, விண்ணப்ப நகல், அனுப்பிய கடிதம் ஆகியவற்றுடன் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு ஆணையத்தில் இருக்க வேண்டும். தள்ளிப்போடும் சுபாவம் உள்ளவர்கள் அந்தக் கடைசித் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.